கரையாதது எப்படிக் கடல் சேரும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிசிபி (மின்சாதனங்களில் பயன்பட்ட, எண்ணெய் போன்ற நச்சு ரசாயனம்) தண்ணீரில் அநேகமாகக் கரையாது என்று அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கரையாத எண்ணெய் எப்படி நியூயார்க் துறைமுகம் வரை போகும்? 1977-லேயே ஆற்றில் விடுவதை நிறுத்திவிட்டார்களே, இத்தனை வருட வெள்ளம் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்காதா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

கரையாததால்தான் அதற்குச் சவாரி தேவைப்படுகிறது. பிசிபி கொழுப்பிலும் மக்கிலும் (மக்கிய இலைதழையிலும்) ஒட்டும். ஆற்றில் மக்கு இருப்பது நுண்வண்டலில். ஆகவே வண்டல் போகும் வழிதான் பிசிபி போகும் வழி.

ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் ஆகிய இரு ஊர்களிலும் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் கெபாசிட்டர் ஆலைகள் முப்பது வருடத்தில் ஆற்றில் விட்டது, உச்ச மதிப்பீட்டின்படி, சுமார் 590 டன். அதில் நிறைய, ஃபோர்ட் எட்வர்ட் அணைக்குப் பின்னால் மரக்கழிவோடு சேறாகக் கிடந்தது. 1973-ல் அந்தப் பழைய அணையை எடுத்தார்கள். அடுத்த வெள்ளங்கள் சேற்றை அள்ளிக்கொண்டு இறங்கின. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அணைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளம் கழுவும், உண்மை. ஆனால் வேகம் குறைகிற இடத்தில் இறக்கி வைத்துவிடும்: வளைவின் உட்பக்கம், அடுத்த அணையின் பின்புறம், துறைமுகத்தின் ஆழப் பள்ளம். மேலே புது வண்டல் மூடினால் அடங்கிக் கிடக்கும். மூடாத இடத்தில் புழு தின்னும், புழுவை மீன் தின்னும். 2009 முதல் 2015 வரை 21 லட்சம் கன மீட்டர் அளவுக்குத் தூர்வாரிய பிறகும் அடிமண்ணில் மிச்சம் இருக்கிறது.

இதனால்தான் தண்ணீரை மட்டும் சோதித்து ‘சுத்தம்’ என்பவரை நம்ப வேண்டாம் என்கிறேன். மணலைச் சோதித்தாலும் அதே ஏமாற்றம்தான். 63 மைக்ரானுக்குக் குறைந்த நுண்மண் வேண்டும். எது எப்போது படிந்தது என்று அறிய, குழாயை நெட்டாக இறக்கி எடுத்த மண்ணை 2 செ.மீ. வில்லைகளாக அறுத்து, சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் எதில் அதிகம் என்று பாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளின் தூசு உச்சம் தொட்டது 1963-ல். அந்த வில்லையிலிருந்து வருடக் கணக்கு தொடங்கும்.

பிஎஃப்ஓஎஸ் (கறை ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்பட்ட ஃப்ளூரின் ரசாயனம்) வேறு ஜாதி. அது பெருமளவு கரைந்தே போகிறது, கடல் நீரோட்டத்தோடு துருவம் வரை. மாதிரி எடுப்பதும் தலைகீழ். பிசிபிக்குக் கண்ணாடிப் பாட்டில், டெஃப்லான் உறையிட்ட மூடி. பிஎஃப்ஓஎஸ்-க்கு பாலிப்ரொப்பிலீன் பாட்டில். கண்ணாடியானால் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைத்துக் காட்டும். டெஃப்லானும் ஃப்ளூரின் குடும்பம்தான்; அந்த மூடி போட்டால், நீங்கள் அளப்பது ஆற்றையா மூடியையா என்று சொல்ல முடியாது.