மதுரைப் பக்கம் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லாக் கொக்கும் ஒன்றுபோலவே தெரிகிறதே, அடையாளம் காண எப்படிப் பழகுவது?

ஒரே கண்மாய்க்குத் திரும்பத் திரும்பப் போங்கள். வண்டியூர், சாமநத்தம் இரண்டுமே நல்ல இடங்கள். கொக்கிலிருந்தே தொடங்கியது நல்லதுதான். நின்று நிதானமாகப் பார்க்க விடும் பறவை அது.

அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, பறந்து கிளம்பும்போது பாருங்கள். மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்துமாக மாட்டின் பின்னால் திரிந்தால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிடும். வேறு பறவை என்று நினைத்துவிடாதீர்கள். வரப்போரம் மண் நிறத்தில் பதுங்கியிருந்து, எழும்பியதும் சட்டென்று வெள்ளைச் சிறகு விரித்தால் மடையான்.

சரி, நிறத்தை மட்டும் நம்பலாமா? கூடாது. எதிர் வெயிலில் எல்லாமே கறுப்புதான். அளவு, அலகு, நடை, நிற்கும் இடம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு, அப்புறம் புத்தகத்தைத் திறங்கள். போட்டோ எடுக்கும் அவசரத்தில் பலர் பறவையைப் பார்ப்பதே இல்லை, அது எனக்கு வருத்தம்தான்.

பருந்துக்கு வாலைப் பாருங்கள்: பிளவு இருந்தால் கரும்பருந்து, முனை வட்டமாக இருந்தால் செம்பருந்து. இது கைவந்த பிறகு, 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் போய் மற்ற வேட்டைப் பறவைகளைப் பார்க்கலாம்.