கொடைக்கானலா, கோயம்புத்தூரா, சொந்த ஊரா?

கேள்வி: எனக்கு 52 வயசு. சென்னை அம்பத்தூர்ல சொந்த ஃப்ளாட் இருக்கு, லோன் முடிஞ்சிடுச்சு. ரிட்டயர் ஆன பிறகு போய் இருக்கற மாதிரி இன்னொரு வீடு வாங்கலாம்னு பாக்கறோம். எனக்கு கொடைக்கானல் மேல ரொம்ப நாள் ஆசை, மனைவி கோயம்புத்தூர்ங்கறாங்க, அம்மா என்னடான்னா தென்காசி பக்கம் நம்ம ஊருக்கே வந்துடுங்கறாங்க. பையன் பெங்களூர்ல வேலை பாக்கறான். எங்க வாங்கலாம்? - வாசகர், அம்பத்தூர்

பதில்: என் ஓட்டு உங்க வீட்டம்மாவுக்குத்தான் சார்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு, ரெண்டு நாள் போனா சொர்க்கம், ஆனா 70 வயசுல முட்டி வலியோட அந்த மேட்டுல ஏறி பால் பாக்கெட் வாங்கணும், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா வத்தலகுண்டு வரைக்கும் மலை இறங்கி அப்புறம் மதுரைக்கு ஓடணும். 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற, சொந்தக்காரங்க வந்தாலும் எடுத்துட்டுத்தான் வரணும்.

அதைவிட பெரிய விஷயம், நீங்க ரிட்டயர் ஆக இன்னும் எப்படியும் ஆறேழு வருஷம் இருக்கே, அதுவரைக்கும் அந்த வீட்ல யார் இருப்பாங்க? பூட்டி வெச்ச வீடு சும்மா இருக்காது சார். பாத்ரூம் ஓட்டையில நிக்கற தண்ணி காஞ்சு போய் அது வழியா கரப்பான் ஏறி வரும், கதவு நிலையில கரையான், போர் மோட்டார் ஓடாம ஜாம் ஆயிடும், மலையில்னா கூடவே பீரோவுக்குள்ள துணியெல்லாம் பூசணம். லீவுக்குப் போய் இறங்கினா மொத ரெண்டு நாள் கிளீனிங்லயே போயிடும். அதனால நீங்க போற வரைக்கும் வாடகைக்குக் குடும்பம் கிடைக்கற ஊராப் பாருங்க. கோயம்புத்தூர்ல அது கஷ்டமே இல்ல.

ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லாத ஊரு, ஏர்போர்ட் இருக்கு, 2023 டிசம்பர்ல இருந்து பெங்களூருக்கு வந்தே பாரத்தும் ஓடுது, பையன் வந்து போக வசதி. சாய்பாபா காலனி, ஆர்.எஸ்.புரம் மாதிரி ஊருக்குள்ள விலை ஜாஸ்திதான், சின்ன ஃப்ளாட்டா இருந்தாலும் பரவால்ல. ஏன்னா காய்கறி, மெடிக்கல் ஷாப், கோயில் எல்லாம் நடந்து போற தூரத்துல இருக்கும். வண்டி ஓட்டறது நீங்க மட்டும்தான்னா, நாளைக்கு உங்களுக்கு முடியாம போனா வீட்டம்மா யாரையும் எதிர்பாக்காம வெளிய போய் வரணும்ல?

சீப்பா இருக்குன்னு தொண்டாமுத்தூர், ஆலாந்துறை பக்கம் மலை தெரியற சைட்டுல விழுந்துடாதீங்க. அங்க பல கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு லிஸ்ட்ல வருது, தனி அனுமதி வேணும், போதாக்குறைக்கு யானை வேற வரும். எங்க வாங்கினாலும் 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா எல்லாத்தையும் உங்க வக்கீல்கிட்ட காட்டுங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் வேணாம். தனி வீடுன்னா பத்திரச் செலவே 9 சதவீதம், முத்திரை 7 பதிவு 2, அதாவது 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம், இதை பட்ஜெட்ல சேத்துக்காம அட்வான்ஸ் குடுத்துட்டு முழிக்கறவங்க நெறைய பேர்.

அம்மா சொல்றதையும் தள்ளிடாதீங்க. ஊர்ல பழைய வீடு இருந்தா புதுசா வாங்காம அதுல ஒரு ரூமையும் பாத்ரூமையும் சரி பண்ணி வைங்க, குற்றாலம் சாரல் நேரத்துல பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறினா காலையில தென்காசி. கொடைக்கானல் ஆசைக்கு வருஷம் ஒரு வாரம் ரூம் போட்டா போதும் சார்.

கேள்வி: கும்பகோணத்துல கோயிலை ஒட்டி பழைய ஓட்டு வீடு சல்லிசா வருது. கடைசி காலத்துக்கு வாங்கிப் போடலாமா? - வாசகி, தாம்பரம்

பதில்: மொதல்ல அடிமனை யாருதுன்னு கேளுங்கம்மா. அந்தப் பக்கம் நெறைய வீட்ல சுவரும் ஓடும்தான் விக்கறவங்களுது, மண்ணு கோயிலுது, மாசாமாசம் கோயிலுக்கு வாடகை கட்டிட்டு இருப்பாங்க. அப்படின்னா உங்க பேர்ல பட்டா வராது, பேங்க் லோனும் எதிர்பாக்காதீங்க. பட்டா சுவாமி பேர்ல இருந்தா கும்பிட்டுட்டு வந்துடுங்க. விக்கறவங்க பேர்லயே இருக்குன்னா ஓட்டையும் உத்தரத்தையும் ஒரு நல்ல கொத்தனாரை வெச்சுப் பாத்துட்டு அப்புறமா விலை பேசுங்க.