மனத்தாங்கல் கொள்ளாமல் இருக்க ஒரு கிறிஸ்தவரால் முடியுமா?

கேள்வி: சபையில் மூத்தவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் என்னை மட்டந்தட்டிப் பேசினார். மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் அவரைக் கண்டாலே மனம் கசக்கிறது. மனத்தாங்கல் கொள்ளாமல் இருக்க ஒரு கிறிஸ்தவரால் முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் உங்களைத் தைத்திருக்கவே கூடாது என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. சுருக்கென்று தைப்பது ஒரு நொடி. அதன்பிறகு வீட்டுக்கு வந்து, படுக்கையில் புரண்டபடி, அவர் என்ன உள்நோக்கத்தோடு பேசினார், யாரெல்லாம் சிரித்தார்கள், நான் என்ன திருப்பிக் கேட்டிருக்க வேண்டும் என்று விசாரணை நடத்துவது நாமாகச் செய்கிற வேலை. அன்பு ‘தீங்கு நினையாது’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த விசாரணையையும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு நான் முதலில் எடுத்து வாசிப்பது 2 சாமுவேல் 16. பெற்ற மகன் அப்சலோமுக்குத் தப்பி எருசலேமைவிட்டு ஓடும் தாவீது பகூரீமைக் கடக்கையில், தாவீதுக்கு முன் அரசாண்ட சவுலின் வம்சத்தானாகிய சீமேயி மலைச்சரிவில் கூடவே நடந்து, கல்லையும் மண்ணையும் எறிந்து, ‘இரத்தப்பிரியனே, தொலைந்து போ’ என்று தூஷிக்கிறான். அவன் தலையை வாங்கட்டுமா என்று தாவீதின் படைவீரன் அபிசாய் கேட்கிறான். தாவீதோ, என் சொந்தக் குமாரனே என் பிராணனை வாங்கத் தேடும்போது சவுலின் கோத்திரத்தானாகிய இந்தப் பென்யமீனன் இப்படிச் செய்ய மாட்டானா, கர்த்தர் என் சிறுமையைப் பார்த்து இந்த நிந்தனைக்குப் பதில் நன்மை செய்தாலும் செய்வார் என்ற கருத்தில் பேசிவிட்டு, வழியைப் பார்த்து நடக்கிறார். ராஜ்யத்தை இழந்த குடும்பத்தானுக்குத் தம்மேல் ஆத்திரம் இருக்கும் என்பதை, உயிருக்குத் தப்பி ஓடும் வேளையிலும் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அதற்காகச் சீமேயி ஓய்ந்துவிடவில்லை. வழிநெடுகத் தூஷித்துக்கொண்டேதான் வந்தான்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில், மரணம் நெருங்கிய அதே தாவீது, உன்னைக் கொல்லேன் என்று சீமேயிக்குத் தாம் ஆணையிட்டதையும் சொல்லி, நீ அவனைத் தண்டியாமல் விடாதே என்று தம் மகன் சாலொமோனிடம் ஒப்படைக்கிறார். அதற்கு அரசியல் காரணம் சொல்வோர் உண்டு. இருந்தாலும் பகூரீமில் கேட்ட சாபம் கடைசிவரை அவர் நினைவில் இருந்திருக்கிறது. ஆகவே, மன்னித்தும் கசக்கிறதே என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைக் கவனியாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

எங்கள் சபையில், எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகை முடிந்த ஞாயிறன்று செயலாளர் நன்றி வாசித்தபோது, விடிய விடிய அடுப்படியில் நின்ற ஒருவரின் பெயர் விடுபட்டது. பெயர் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. செயலாளர் தாளைத் திருப்பவில்லை, அவ்வளவுதான். அது தெரியவருமுன்பே ‘வேண்டுமென்றேதான் விட்டார்’ என்று அந்த வீட்டில் தீர்ப்பாகி, அடுத்த திருவிருந்துக்குக் குடும்பமே வரவில்லை. அதே பெயரை ஒரு நெருங்கிய நண்பர் விட்டிருந்தால் சிரித்துக் கேலி செய்திருப்பார்கள். 6-ஆம் நூற்றாண்டில் காசாப் பகுதியில் வாழ்ந்த துறவி தொரொத்தேயு, ஒரே சொல் ஒரு வேளை நம்மைக் கலக்குவதும் இன்னொரு வேளை தொடாமலே போவதும் ஏன் என்று ஆராய்ந்து, கேட்பவருடைய மனநிலையையே காரணமாகக் காட்டுகிறார். பேசியவரை அலட்சியமாக எண்ணுவதாலும் சிலர் கலங்காமல் இருப்பார்கள் என்கிறார். ‘அவன் சொன்னால் எனக்கென்ன’ என்கிற அமைதியைப் பொறுமை என்று எண்ணிவிட வேண்டாம்.

எனவே அவர் அப்படிப் பேசியதற்கு வேறு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று முதலில் யோசியுங்கள். சின்ன விஷயமானால் விட்டுவிடலாம். ‘குற்றத்தை மன்னிப்பது அவனுக்கு மகிமை’ என்கிறது நீதிமொழிகள் 19:11. விட முடியவில்லையென்றால் மத்தேயு 18:15 சொல்கிறபடி அவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் உறவினர், பிறகு கமிட்டி, பிறகு போதகர், சம்பந்தப்பட்டவர் காதுக்குக் கடைசியில்தான் வருகிறது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பெண்களிடம் அத்துமீறுவதும் மனத்தாங்கல் கணக்கில் வராது. ‘பொறுத்துப்போங்கள், இயேசுவும் பொறுத்தார்’ என்று அங்கே வேதத்தைக் காட்டி வாயடைப்பதை நான் ஏற்கமாட்டேன். பிரதான ஆசாரியன் முன்பாகத் தம்மை அறைந்தவனிடம், ‘என்னை ஏன் அடிக்கிறாய்’ என்று இயேசு நேராகக் கேட்டார். பிலிப்பியில் சீலாவோடு அடிபட்டு, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டும் நடுராத்திரியில் துதித்துப் பாடிய பவுல்தான், மறுநாள் காலையில் அதிகாரிகள் இரகசியமாய் விடுதலை செய்யப் பார்த்தபோது, விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து எங்களை அழைத்துப் போகட்டும் என்று சொல்லியனுப்பினார். அவர்களும் வந்து கெஞ்சித்தான் அழைத்துப் போனார்கள்.