ஆயுள் உறுப்பினருக்கு 58,528 ரூபாய் பில்: மன்றம் கேட்டால் கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: கோவையில் ஒரு மனமகிழ் மன்றத்தில் 1998-இல் 25,000 ரூபாய் கட்டி ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தேன். 2017 முதல் ‘பராமரிப்புக் கட்டணம்’ என்று ஆண்டுக்கு 3,000 ரூபாய் கேட்டார்கள், கட்டி வந்தேன். இந்த ஆண்டு அதை 9,600 ஆக்கி, நீச்சல் குளத்துக்கு ‘வளர்ச்சி நிதி’ 40,000 சேர்த்து, ஜி.எஸ்.டி.யுடன் 58,528 ரூபாய்க்கு பில் அனுப்பியிருக்கிறார்கள். மூன்று மாதம் பாக்கி வைத்தால் நீக்கிவிடுவார்களாம். ஓய்வூதியத்தில் வாழ்பவன் நான். வாரத்தில் இரண்டு நாள் சீட்டாடவும் பேப்பர் படிக்கவும் போகிற எனக்கு இவ்வளவு கட்டணமா? பைலா (மன்றத்தின் விதித்தொகுப்பு), பொதுக்குழு அறிவிப்பு இரண்டின் நகலையும் இணைத்துள்ளேன்.

பதில்: ‘கட்டணம் ரொம்ப அதிகம்’ என்ற வாதத்தை முதலில் ஓரம் வையுங்கள். நியாயமான கோபம்தான், ஆனால் நீதிமன்றத்தில் அது எடுபடாது. உறுப்பினர்கள் தாங்களே சேர்ந்து நடத்துகிற மன்றத்தில் சந்தா எவ்வளவு இருக்கலாம் என்று நீதிபதி கணக்குப் போடமாட்டார். அந்தத் தொகையை முடிவு செய்ய யாருக்கு அதிகாரம், அவர்கள் முறைப்படி முடிவு செய்தார்களா என்றுதான் பார்ப்பார். நீங்கள் அனுப்பிய காகிதங்களைப் பார்த்தால் உங்கள் பலமும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மன்றம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. சில பெரிய கிளப்புகள் கம்பெனிகள் சட்டம் 8-ஆவது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற கம்பெனிகளாக இருக்கும். அவற்றின் தகராறு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். தனியார் முதலாளி லாபத்துக்கு நடத்தும் கிளப் என்றால் நுகர்வோர் ஆணையம்தான் இடம். நியாயமற்ற கட்டணம் விதிக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாநில ஆணையத்தில் புகார் தரலாம். இந்த இரண்டு வழியும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு பைலாவும் பொதுக்குழுவும்தான்.

இனி பைலா. விதி 11 இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. கட்டணங்களை நிர்வாகக் குழு அவ்வப்போது நிர்ணயிக்கலாம், ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆயுள் உறுப்பினர் ‘ஆண்டுச் சந்தா செலுத்த வேண்டியதில்லை’. அப்படியானால் 3,000-ஐ நிர்வாகக் குழு தானாக 3,300 ஆக்கலாம். 9,600 ஆக்க முடியாது. ‘இது சந்தா அல்ல, பராமரிப்புக் கட்டணம்’ என்பார்கள். டென்னிஸ் ஆடுபவரிடம் கோர்ட்டுக்குக் காசு வாங்கினால் அது உபயோகக் கட்டணம். வந்தாலும் வராவிட்டாலும் எல்லா உறுப்பினரிடமும் ஒரே தொகையை ஆண்டுதோறும் வாங்கினால், பெயரை மாற்றி வாங்குகிற சந்தா என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 முதல் நீங்கள் மறுபேச்சில்லாமல் 3,000 கட்டியிருக்கிறீர்கள். ‘ஒப்புக்கொண்டுதானே கட்டினார்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எழுந்து சொல்வார். அதனால் ‘ஒரு பைசாவும் கட்டமாட்டேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த ஆண்டு உயர்வை மட்டும் எதிர்ப்பதே புத்திசாலித்தனம்.

பொதுக்குழு அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆண்டறிக்கை, வரவு செலவு, தணிக்கையாளர் நியமனம் என ஆறு பொருள்கள். ஏழாவது: ‘தலைவரின் அனுமதியுடன் கொண்டுவரப்படும் இதர பொருள்கள்’. 40,000 ரூபாய் அந்த ஏழாவது வரிக்குள்தான் ஒளிந்திருந்தது. 640 உறுப்பினர்களில் வந்திருந்த 46 பேர், டிபன் தயாராகிவிட்ட நேரத்தில் கை தூக்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி நிறைவேறும் தீர்மானங்கள் நம் ஊரில் ஏராளம், யாரும் கேட்பதில்லை என்பதால் நிற்கின்றன. உறுப்பினர் பையிலிருந்து பணம் எடுக்கும் முடிவு என்றால், வருவதா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிவு செய்யும் அளவுக்கு அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ‘இதர பொருள்கள்’ அதற்குப் போதாது.

வளர்ச்சி நிதியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. உங்கள் பைலாவில் நுழைவுக் கட்டணம், சந்தா, உபயோகக் கட்டணம், விருந்தினர் கட்டணம் என்று பட்டியல் உள்ளது. வளர்ச்சி நிதி அதில் இல்லை. புதிதாக ஒரு வசூல் வேண்டுமென்றால் முதலில் பைலாவைத் திருத்த வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: அது சிறப்புத் தீர்மானம் என்பதைக் குறிப்பிட்டு குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு, கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிவு செய்தல். உங்களுக்கு வந்தது 14 நாள் அறிவிப்பு. திருத்தமும் பதிவாகவில்லை என்றால் அந்த 40,000 நிற்பதற்குக் காலே இல்லை. அதே சமயம், நாளை முறைப்படி கூட்டம் போட்டு, நான்கில் மூன்று பங்கோடு திருத்தி, பதிவும் செய்துவிட்டால் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். ‘1998-இலேயே எல்லாம் கட்டிவிட்டேன்’ என்ற வாதம் மட்டும் அப்போது கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பற்றி அதிகம் மெனக்கெட வேண்டாம். மன்றமும் உறுப்பினரும் ஒன்றே, தனக்குத்தானே சேவை செய்ய முடியாது என்று கல்கத்தா கிளப் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை மீற 2021-இல் சட்டத்தையே திருத்தி, 2017 ஜூலை முதல் பொருந்தும்படி செய்துவிட்டார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று 2025-இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. அதை நம்பி கோவை மன்றம் வரியை விட்டுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வரை உள்ள விலக்கு மன்றங்களுக்குக் கிடையாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? பணத்தை மொத்தமாக நிறுத்தாதீர்கள். பல மன்றங்களைப் போல உங்கள் பைலாவிலும் பாக்கிதாரருக்கு ஓட்டு இல்லை. எதிர்ப்பவர்கள் எல்லோரும் கோபத்தில் கட்டாமல் நின்றால், அடுத்த பொதுக்குழுவில் நிர்வாகக் குழு சொன்னதற்கெல்லாம் கை தூக்குபவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். பராமரிப்புக் கட்டணம் 9,600-ஐ வரியோடு சேர்த்து 11,328 ரூபாயாகக் காசோலையில் கட்டுங்கள். கூடவே கடிதம்: ‘இத்தொகையை எதிர்ப்புடன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன். 3,300 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேற்பட்டதை வருங்காலக் கட்டணத்தில் கழிக்கவோ திருப்பித் தரவோ கோருகிறேன்.’ ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் சண்டை சாட்சியாக உதவுவதைவிட உங்களுக்கு எதிராகத் திரும்பும் வாய்ப்பே அதிகம்.

40,000-ஐ இப்போதைக்குக் கட்ட வேண்டாம். அதே கடிதத்தில் எந்த விதியின் கீழ் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். தீர்மான நகல், கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தின் அந்தப் பக்கம், நீச்சல் குளத்துக்கான மதிப்பீடு ஆகியவற்றையும் கேளுங்கள். அரசு நிதி வாங்காத மன்றத்திடம் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட முடியாது. ஆனால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் போடலாம். பதிவான பைலா, திருத்தங்கள், ஆண்டுக் கணக்குகளின் சான்றிட்ட நகலை அங்கே வாங்கிவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் பைலா கடைசித் திருத்தம் வரை உள்ளதுதானா என்பது அப்போதுதான் தெரியும். இதைச் செய்யாமல் எந்த வக்கீலிடமும் போகாதீர்கள், என்னிடமும்தான்.

நீக்கிவிடுவோம் என்ற மிரட்டலுக்கு உடனே பயப்பட வேண்டியதில்லை. டி.பி. டேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லிவிட்டது: உறுப்பினரை நீக்குவதென்றால் விதிகளை அட்சரம் பிசகாமல் பின்பற்ற வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அது ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் ஒரு லாட்ஜ் (கிளை) பற்றிய வழக்கு, ஆனால் மன்ற வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டுகிறோம்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டு கதவுகள். பதிவாளர் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின் கீழ் விசாரணை நடத்தலாம். உறுப்பினர்கள் கேட்பதென்றால் மூன்றில் ஒரு பங்கு, உங்கள் மன்றத்தில் 214 பேர், கையெழுத்திட வேண்டும். பதிவாளர் தாமாகவும் எடுக்கலாம், ஆனால் ஒருவர் மனுவுக்கு அவர் அசைவது அபூர்வம். கட்டணம் செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலையல்ல. அதற்கு சிவில் நீதிமன்றம்தான்: தீர்மானம் செல்லாது என்று விளம்புகை (நீதிமன்றம் அறிவிப்பது), வசூலிக்கவும் நீக்கவும் தடையாணை. 40,000 ரூபாய்க்காக நீங்கள் ஒருவராக வழக்குப் போடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன், செலவு அதைத் தாண்டிவிடும். 20, 30 பேர் சேர்ந்தால் கணக்கு வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 1, விதி 8-இன் கீழ் நீதிமன்ற அனுமதியோடு ஒரு சிலர் எல்லோருக்காகவும் வழக்கு நடத்தலாம்.

விளம்புகை வழக்குக்கு மூன்று ஆண்டு காலக்கெடு உண்டு என்றாலும் நீங்கள் அதை நம்பி உட்காரக் கூடாது. பாக்கிக்கான மூன்று மாதம் பில் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. அது முடிவதற்கு முன் தடையாணை கிடைக்கவில்லை என்றால், அந்த 40,000-ஐயும் வரியோடு, அதே ‘எதிர்ப்புடன்’ கடிதத்தோடு, கட்டிவிட்டு வழக்கைத் தொடருங்கள்.