தேசப்பற்று, எதிரி வல்லரசைப் பற்றிய நம் பார்வையை எப்படி மாற்றுகிறது?

பகை நாடுகள் இரண்டும் ஒன்றன் மீது ஒன்று ஒரே குற்றச்சாட்டைச் சொல்வதை உளவியலில் 'கண்ணாடி பிம்பம்' என்பார்கள்.

அமெரிக்க உளவியலாளர் யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1960-ல் சோவியத் ஒன்றியத்துக்குப் போனார். மாஸ்கோவில் பிறந்தவர், ரஷ்ய மொழி தெரியும். அதனால் சாதாரண மக்களிடம் நேரடியாகவே பேச முடிந்தது. அமெரிக்காதான் போர் வெறி பிடித்த நாடு, அதன் அரசு சொந்த மக்களையே ஏமாற்றுகிறது, அதன் பேச்சை நம்ப முடியாது என்றார்கள். அமெரிக்கர்கள் சோவியத் ஒன்றியத்தைப் பற்றிச் சொன்னதும் அதேதான்! அவரை இது உலுக்கிவிட்டது. 1961-ல் கட்டுரையாக எழுதினார்.

ஏன் இப்படி? நாடு நம் அடையாளத்தின் ஒரு பகுதி. அதைக் குறை சொன்னால் நம்மையே சொன்னதுபோல வலிக்கிறது. நம் பிள்ளை கை ஓங்கினால் 'தற்காப்புக்கு அடித்தான்' என்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓங்கினால் 'முரடன்' என்கிறோம் இல்லையா? ஏவுகணை விஷயத்திலும் அதே மனம்தான். நம்முடையது பாதுகாப்பு, அவர்களுடையது மிரட்டல்.

சரி, அப்படியானால் இரு நாடுகளும் செய்தது ஒன்றுதானா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, ஒரேமாதிரி இருப்பது மக்களின் பார்வை மட்டுமே. யார் என்ன செய்தார்கள் என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.