துருவக் கடலில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

"துபாயில் இருக்கும் மகள் இந்தக் கிறிஸ்துமஸ் லீவில் என்னை அண்டார்டிகா கப்பலில் கூட்டிப்போவதாகச் சொல்கிறாள். எனக்குத் திமிங்கலம் பார்க்கத்தான் ஆசை. பால்கனி வைத்த அறையாகப் பார்க்கிறாள், விலை எக்கச்சக்கம். எனக்கு முட்டுவலி வேறு உண்டு. போகலாமா?" (ஓய்வு பெற்ற ஆசிரியை, பாறசாலை)

தாராளமாகப் போகலாம் டீச்சர். ஆனால் முதலில் மகளிடம் தேதியை மாற்றச் சொல்லுங்கள், அறையைப் பற்றி அப்புறம் பேசலாம். அண்டார்டிக் தீபகற்பத்துக்குக் கப்பல்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை போகின்றன. அங்கே அதிகம் பார்க்கக் கிடைப்பது கூன்முதுகுத் திமிங்கலம்தான். இவை அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் கொலம்பியா, பனாமா, ஈக்வடார் பக்கம் போய் வெதுவெதுப்பான கடலில் குட்டி போட்டுவிட்டு, அங்கே பெரும்பாலும் பட்டினி கிடந்து, தின்பதற்காகவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே நீந்தி வருகின்றன. டிசம்பரில் வரத் தொடங்கியிருக்கும், ஆனால் சிதறிக் கிடக்கும். பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை ஜெர்லாச் நீரிணையிலும் வில்ஹெல்மினா விரிகுடாவிலும் கூட்டம் கூட்டமாக நின்று தின்னும். பென்குயின் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசையென்றால் டிசம்பர் கடைசி நல்லது. திமிங்கலம்தான் வேண்டுமென்றால் லீவை மாற்றியாவது பிப்ரவரிக்குப் பிறகு போங்கள்.

பால்கனிக்குக் கொடுக்கும் காசைச் சின்னக் கப்பலுக்குக் கொடுக்கலாம். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் அங்கே ஆட்களைக் கரையிறக்கவே கூடாது, சின்னக் கப்பலிலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். அதனால் 200 பேருக்குள் ஏறும் கப்பலென்றால் உங்கள் முறை சீக்கிரம் வரும், ரப்பர் படகில் கூடுதல் நேரம் கிடைக்கும். பால்கனியிலிருந்து ஒரு பக்கக் கடல்தான் தெரியும். திமிங்கலமோ எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கியில் 'இரண்டு மணி திசை' என்று அறிவிப்பு வந்தால் கப்பலின் மூக்கைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு வலது முன்பக்கம் பாருங்கள். முதலில் தெரிவது உடம்பல்ல, மூச்சு. கூன்முதுகின் மூச்சு புதர் மாதிரி பரந்து நிற்கும், நீலத் திமிங்கலத்தினுடையது ஒல்லியாக நெடுக உயரும், மிங்க்கி என்ற சின்னத் திமிங்கலத்தினுடையது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. சில தடவை மூச்சு விட்டபின் முதுகை நன்றாக வளைத்தால் வால் மேலே வரப்போகிறது என்று அர்த்தம், கேமராவை அப்போது தூக்கினால் போதும்.

நான் போனபோது படகோட்டி ஒரு கூட்டத்தைக் கண்டதும் தள்ளியே நிறுத்தி எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிட்டார், பக்கத்தில் போகச் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒன்று தானாகவே எங்கள் பக்கம் வந்து தலையை நீட்டியது. தாடையில் ஒட்டிய சிப்பி மாதிரியான ஒட்டுயிர்கள், முகமெங்கும் எலுமிச்சை அளவு முண்டுகள், ஒவ்வொரு முண்டிலும் ஒரே ஒரு முடி. அது விட்ட மூச்சு எங்கள் மேல் தூறலாக விழுந்தது, அழுகிய மீன் நாற்றம், ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. துரத்தினால் இது கிடைக்காது. கிட்ட வருவதா வேண்டாமா என்பது அதன் முடிவு. உங்கள் படகிலும் யாராவது அவசரப்படுத்தினால் படகோட்டி பக்கம் பேசுங்கள் டீச்சர்.

முட்டுவலிக்கு: படகில் ஏறும்போது உள்ளங்கையைப் பிடிக்காமல் ஒருவர் முன்கையை ஒருவர் பிடித்துக்கொள்ளும் முறை உண்டு, வழுக்காது. படகின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நகர்த்தி இறங்குவார்கள். உங்கள் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து ஏறி இறங்க முடிந்தால் இதுவும் முடியும். டாக்டரிடம் காட்டிவிட்டு, அவசரமாகத் திருப்பிக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

"டிரேக் கடலைக் கடக்கும்போது வாந்தி எடுத்தே செத்துவிடுவோம் என்கிறார்களே?" (வியாபாரி, களியக்காவிளை)

டிரேக் என்பது தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள கடல். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து போக ஏறக்குறைய இரண்டு நாள், வர இரண்டு நாள். சில சமயம் குளம் போலக் கிடக்கும், சில சமயம் நாற்காலியையே உருட்டும். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் துறைமுகத்தை ஒட்டிய பீகிள் கால்வாயை விட்டு வெளியேறும் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டர் சொல்லட்டும். அறை கீழ்த்தளத்தில், நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு.

"இத்தனை கப்பல் போனால் திமிங்கலத்துக்குத் தொந்தரவில்லையா?" (கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

உண்டு. கப்பல் மோதுவதும் இரைச்சலும் நிஜமான பிரச்சினைகள். அங்கே கப்பல் நடத்துபவர்களின் சங்கமான ஐயாட்டோ, திமிங்கலம் கூடும் பகுதிகளில் வேகத்தை மணிக்கு 10 கடல் மைலுக்குள் குறைக்க உறுப்பினர்களைக் கேட்கிறது. பணம் கட்டும் முன் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கம்பெனியிடம் கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கம்பெனி பாருங்கள். டிசெப்ஷன் தீவில் இறங்கினால் துருப்பிடித்த எண்ணெய்த் தொட்டிகள் இன்றும் நிற்கின்றன, திமிங்கலத்தை உருக்கி எண்ணெய் எடுத்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டில் தென் பாதிக் கடல்களில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். வணிக வேட்டைக்குத் தடை 1986இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கூன்முதுகு திரும்பப் பெருகியிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதைக் கெடுக்கிறவர்களாக நாம் போகக் கூடாது.

"அப்பா தங்குகடல் மீன்பிடித் தொழிலுக்குக் கொச்சியிலிருந்து போகிறவர். வெளிக்கடலில் திமிங்கலம் பார்த்ததாகச் சொல்வார், யாரும் நம்புவதில்லை. அண்டார்டிகாவில் இருப்பதுதான் இங்கும் வருகிறதா?" (தூத்தூர்)

அப்பாவை நம்புங்கள் தம்பி. அரபிக்கடலில் திமிங்கலம் நன்றாகவே உண்டு, ஆனால் தெற்கிலிருந்து வருவதல்ல. இங்குள்ள கூன்முதுகுகள் துருவத்துக்கே போகாதவை, ஆண்டு முழுக்க இந்தக் கடலிலேயே கிரில்லும் சின்ன மீனும் தின்று வாழ்பவை. கிரில் என்பது நம் கூனிக்கு அண்ணன் மாதிரி, அவ்வளவுதான். மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. ஓமனில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்திய லுபான் என்ற பெண் திமிங்கலம் 2017 கடைசியில் கடலைக் கடந்து நம் மேற்குக் கரை வழியாகத் தென்முனை வரை வந்துவிட்டு ஊர் திரும்பியது. உங்கள் ஊர்ப் படகுகள் ஓடும் தண்ணீர் வழியாகத்தான்!

அப்பா அடுத்த முறை பார்த்தால் தேதி, ஜிபிஎஸ் புள்ளி, மூச்சு எந்த வடிவில் எழும்பியது, வால் வெளியே வந்ததா என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். வாலின் அடிப்பக்கம் போட்டோ கிடைத்தால் ரொம்ப நல்லது, அதில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.