சான் அன்டோனியோ மிஷன்களுக்கு ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசிக்கிறோம். தேனிப் பக்கத்திலிருந்து என் பெற்றோர் வந்திருக்கிறார்கள். இருவரும் 70 வயதைக் கடந்தவர்கள். அப்பா வாழ்நாள் முழுவதும் விவசாயம் பார்த்தவர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு 10 வயதும் 6 வயதும் ஆகின்றன. சான் அன்டோனியோவின் பழைய ஸ்பானிய மிஷன் தேவாலயங்கள் அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், உள்ளே போகலாமா? பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

பதில்: பார்த்துவிட முடியும், ஆனால் அப்படிப் பார்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மிஷன் என்பது பழங்குடி மக்களைக் கிறிஸ்தவர்களாக்க ஸ்பானியத் துறவியர் தேவாலயத்தைச் சுற்றி அமைத்த குடியிருப்பு. சான் அன்டோனியோ ஆற்றை ஒட்டி அப்படி ஐந்து மிஷன்கள் உள்ளன. அவற்றுள் அலமோ என்ற பெயரில் புகழ்பெற்றது நகரின் நடுவில் இருக்கிறது. மற்ற நான்கும், அதாவது கொன்செப்சியோன், சான் ஹொசே, சான் ஹுவான், எஸ்பாடா ஆகியவை, நகர மையத்துக்குத் தெற்கே ஆற்றோரமாக அமைந்து தேசியப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகின்றன. ஐந்தும் சேர்ந்து 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. ஒரே நாளில் ஐந்துக்கும் ஓடினால், காரில் ஏறி இறங்கியே உங்கள் அம்மா களைத்துப்போவார். பிள்ளைகளின் நினைவில் ஐந்தும் ஒரே கட்டடமாகக் கலந்துவிடும். சான் ஹொசேயையும் எஸ்பாடாவையும் நிதானமாகப் பாருங்கள். தெம்பு மிஞ்சினால் திரும்பும் வழியில் கொன்செப்சியோனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஆஸ்டினிலிருந்து சுமார் 80 மைல் தொலைவு என்பதால் காலையிலேயே புறப்பட்டு, முதலில் சான் ஹொசேக்குச் செல்லுங்கள். பூங்காவின் பார்வையாளர் மையம் அங்கேதான் இருக்கிறது. அங்கு காட்டப்படும் குறும்படத்தைத் தவறவிடாதீர்கள். ‘ஜூனியர் ரேஞ்சர்’ கையேட்டைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள பயிற்சிகளைப் பிள்ளைகள் முடித்துக் காட்டினால், பூங்கா அலுவலர் அவர்களுக்கு ஒரு பதக்கவில்லை தருவார். 10 வயதுப் பிள்ளை அதற்காகவே ஒவ்வொரு சுவரையும் கூர்ந்து பார்க்கும்.

1720-இல் தொடங்கப்பட்ட சான் ஹொசேயில் நீங்கள் காணப்போவது தேவாலயத்தை மட்டுமன்று, மதில் சூழ்ந்த ஒரு முழு ஊரை. மதிலின் உட்புறமாக வரிசையாக உள்ள சிறு அறைகளில் 300-க்கும் மேற்பட்ட பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். தானியக் களஞ்சியமும், நீர்விசையால் மாவரைத்த ஆலையும் மீட்டெடுக்கப்பட்டு நிற்கின்றன. தேவாலயத்தின் குவிமாடம் 1874-இலும் கோபுரம் 1928-இலும் இடிந்து விழுந்தன. இன்று நாம் காணும் வடிவம் 1930-களின் சீரமைப்பில் கிடைத்தது. தென்புறச் சுவரில் உள்ள ‘ரோஜா ஜன்னல்’ என்னும் கற்சிற்பத்தின் முன் எல்லோரும் நின்று படமெடுப்பார்கள். கடலில் மாண்ட காதலிக்காக ஒரு சிற்பி அதைச் செதுக்கினான் என்ற கதையும் சொல்லப்படும். அதற்கு ஆதாரம் இல்லை. கோபுரச் சுவரில் ஒரு சிறு பகுதியில் மட்டும் பழைய வண்ணக் கோலங்களை மறுபடி தீட்டி வைத்திருக்கிறார்கள். சாம்பல் நிறக் கல்லாகத் தெரியும் இந்தச் சுவர் ஒரு காலத்தில் முழுவதும் வண்ணமாக இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது என்று கேட்டது மிக நல்ல கேள்வி. ‘ஸ்பானியர்கள் கட்டியது’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். திட்டமிட்டவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவியர். கல் சுமந்து, சுவர் எழுப்பி, வயலில் பாடுபட்டவர்கள் கோவாவில்டெக்கன் என்ற பொதுப்பெயரால் குறிக்கப்படும் பல பழங்குடிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். வேட்டையாடியும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்த அவர்கள், வடக்கிலிருந்து வந்த அப்பாச்சி என்ற வேறொரு பழங்குடியினரின் தாக்குதலாலும், ஐரோப்பியர் வழியே பரவிய கொள்ளைநோய்களாலும் நலிந்த நிலையில், உணவும் பாதுகாப்பும் தேடி மதிலுக்குள் வந்தார்கள். உள்ளே மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு உழைத்து, புதிய சமயத்தையும் மொழியையும் ஏற்க வேண்டியிருந்தது. ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் கொண்டுவந்தார்கள். அடைக்கலம், இழப்பு என்னும் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அது புரியும். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நகரில் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதியத்துக்குப் பின் தெற்கே செல்லும் வழியில் எஸ்பாடா தொட்டிப்பாலத்தில் காரை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், நாளின் மிக அருமையான இடம் இதுதான்; பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காமல் கடந்து போவதும் இதைத்தான். ஆற்றில் அணை கட்டி நீரைத் திருப்பி, நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி வாய்க்காலில் ஓடவிட்டு, குறுக்கே வந்த ஓடையை இரண்டு கல் வளைவுகளின் மேல் கடக்கச் செய்திருக்கிறார்கள். 1745-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. இங்கிருந்த மிஷன்களின் வாய்க்கால்கள் மொத்தம் 15 மைல் நீண்டு, சுமார் 3,500 ஏக்கருக்குப் பாசனம் அளித்தன. வாய்க்காலை ஸ்பானிய மொழியில் ‘அசேகியா’ என்கிறார்கள்; அது அரபு மொழியிலிருந்து வந்த சொல். வறண்ட நிலத்தில் நீரைப் பங்கிடும் கலையை ஸ்பானியர்கள் தங்கள் நாட்டை ஆண்ட முஸ்லிம்களிடமிருந்து கற்றார்கள். மடை திறப்பதும், முறை வைத்து நீர் பாய்ச்சுவதும், ஆண்டுதோறும் தூர்வாருவதும் உங்கள் அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியவை அல்ல. அங்கே பிள்ளைகளை அவரிடம் விட்டுவிடுங்கள். எந்த வழிகாட்டியைவிடவும் அவர் நன்றாகச் சொல்வார். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர் என்றால் பேச்சு இன்னும் நீளும். எஸ்பாடா தேவாலயம் மிகச் சிறியது. வாசல் வளைவின் விசித்திரமான வடிவத்தைப் பார்த்துவிட்டு, மர நிழலில் அம்மாவை உட்கார வைக்கலாம்.

பூங்காவில் உள்ள நான்கு தேவாலயங்களும் இன்றும் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களாக வழிபாட்டில் உள்ளவை. எந்தச் சமயத்தவரும் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். சனிக்கிழமைகளில் திருமணங்களுக்காகத் தேவாலயத்தை மூடிவிடுவது உண்டு. ஆகவே வார நாளே வசதியானது. ஞாயிற்றுக்கிழமை சென்றால் சான் ஹொசேயில் மரியாச்சி என்னும் மெக்சிகோ இசையுடன் நடக்கும் திருப்பலியில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். ஆனால் நற்கருணை என்னும் புனித அப்பத்தை வாங்கும் வரிசையில் சேர வேண்டாம். அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது. அதைக் கோவில் பிரசாதம் என்று நினைத்துப் பெரியவர்கள் எழுந்து போய்விடக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெற்றோர் சைவ உணவுக்காரர்கள் என்றால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதே நல்லது. மெக்சிகோ உணவகங்களில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பிலும், சோற்றைக் கோழிச் சாறிலும் சமைப்பது வழக்கம். கேட்காமல் வாங்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மதிலுக்குள் நடந்து பார்க்க வேண்டிய திறந்த வெளி அதிகம் என்பதால், நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.